மண் பரிசோதனை: பிளாஸ்மா இயந்திரம் என்ன சொல்கிறது?

2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை, மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயன்கள் புதையுண்டன. இப்படி மண்சரிவால் இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு ஊவாவில் கிடைக்கும் புதிய காணி பல இடங்களில் பழைய தேயிலை நிலம்தான். வீடு கட்ட நிலத்தைச் சமப்படுத்தும்போது மேல்மண்ணும் போய்விடும். அங்கே போஞ்சியும் கோவாவும் விளையுமா என்பதே நம் முன்னுள்ள கேள்வி.

தேயிலைக்கு அமில மண் பிடிக்கும், அதன் பி.எச். அளவு 4.5 முதல் 5.5 வரை இருந்தால் நல்லது. மரக்கறிக்கு 6 அளவில் வேண்டும். அமிலம் கூடினால் மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து பயிரின் வேரைக் குறுக்கிவிடும். மேலும், 1946இல் கொப்புள நோய் வந்தபின் தேயிலைக்குச் செப்பு மருந்து தெளித்தார்கள். நாகச் சல்பேற்றும் தெளிப்பதுண்டு. இவற்றில் மண்ணில் தங்கியது எவ்வளவு என்பது கண்ணுக்குத் தெரியாது. அதை அளக்கும் கருவிகளில் ஒன்றுதான் தூண்டல் பிளாஸ்மா நிறமாலைமானி.

காஸ் அடுப்பின் நீலச் சுவாலையில் ஒரு சிட்டிகை உப்பு விழுந்தால் சுவாலை மஞ்சளாகும். அது உப்பிலுள்ள சோடியத்தின் நிறம். இவ்வாறே சூடேறிய ஒவ்வொரு மூலகமும் தனக்கே உரிய ஒளியைத் தரும். இயந்திரம் செய்வதும் இதைத்தான்.

1. காய்ந்த மண்ணைச் சலித்து, நிறுத்து, அமிலம் போன்ற கரைசலில் ஊறவைத்து வடிகட்டுவார்கள்.
2. வடித்த நீரை மெல்லிய புகாராக்கி, ஆகன் வாயுவோடு ஒரு குவார்ட்ஸ் குழாய்க்குள் அனுப்புவார்கள்.
3. குழாயைச் சுற்றிய செப்புச் சுருளில் வானொலி அலை வேகத்தில் மின்சாரம் மாறி மாறி ஓடும். ஒரு தீப்பொறி பட்டதும் ஆகன் வாயு மின்னேற்றம் பெற்றுப் பிளாஸ்மாவாகும். அதன் வெப்பம் 6,000 பாகைக்கும் மேல். சூரியனின் மேற்பரப்பை விடச் சூடானது.
4. அந்தச் சூட்டில் மூலகங்கள் ஒளிவிடும். கருவி அவ்வொளியை நிறம் நிறமாகப் பிரிக்கும். எந்த நிறம் என்பது மூலகத்தைச் சொல்லும். எவ்வளவு பிரகாசம் என்பது அதன் அளவைச் சொல்லும்.

பொற்றாசியம், கல்சியம், மகனீசியம், நாகம், செப்பு, அலுமினியம் எல்லாவற்றையும் ஒரே தடவையில் அறியலாம். ஆனால் அமிலத்தன்மைக்கும் நைதரசனுக்கும் வேறு சோதனைகள் உண்டு. ஊற்று நீரிலுள்ள கிருமியையும் இது காட்டாது.

இயந்திரம் எவ்வளவு நுட்பமானாலும், நாம் கொடுக்கும் மண்ணைத்தான் அது படிக்கும். ஆகவே மாதிரி எடுக்கும் வேலை நம்முடையது:

- காணியில் வளைந்து வளைந்து நடந்து, பத்து இடங்களில் சருகை விலக்கி 15 சென்ரிமீற்றர் ஆழம்வரை மண் எடுப்போம்.
- எருக்குழி, டொலமைட் குவித்த இடம், அண்மையில் உரம் போட்ட இடம் ஆகியவற்றைத் தவிர்ப்போம்.
- பிளாஸ்ரிக் வாளியில் கலப்போம். தகர வாளியில் பூசிய நாகம் மண்ணில் சேர்ந்து பொய்க் கணக்குக் காட்டும். பழைய உரப் பையும் ஆகாது.
- நிழலில் உலர்த்தி, அரைக் கிலோவைச் சுத்தமான பையில் இட்டு, காணியின் பெயரும் திகதியும் எழுதுவோம்.

மரக்கறிக்கு உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடமும், தேயிலைக்குப் பசறையிலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் பிராந்திய நிலையத்திலும் விசாரிக்கலாம். முடிவு வந்தபின் டொலமைட் எவ்வளவு, உரம் எவ்வளவு என்று கேட்டுப் போடுவோம். கடன்பட்டு வாங்கிய உரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கொட்ட வேண்டியதில்லை.

குழுவில் பேசுவதற்கு: நமது காணியில் முன்பு என்ன இருந்தது? அதை அறிந்த மூத்தவர்கள் யார்?