உடைசலில் ஓவியம்: வன்னியில் மொசைக் செய்வோருக்கு

சண்டிகாரில் அரசாங்க வீதிப் பரிசோதகராக இருந்த நெக் சந்த், உடைந்த வளையல், பீங்கான், மின்சாரப் பொருத்திகளைச் சேர்த்து யாருக்கும் சொல்லாமல் ஒரு தோட்டத்தையே கட்டினார். 1976இல் அது மக்களுக்குத் திறக்கப்பட்டது. வன்னியிலும் உடைசலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் இங்கே துண்டின் நிறத்தைப் பார்க்குமுன் அது வந்த இடத்தை விசாரிக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

- பாடசாலை, சனசமூக நிலையச் சுவரென்றால் வீட்டுக்கொரு துண்டு கேளுங்கள்: விளிம்பு போன கோப்பை, மிச்ச மாபிள், கூரை ஓடு. தந்தவர் பெயரையும் அந்தப் பொருளின் கதையையும் கொப்பியில் எழுதுங்கள். 2004இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஓவியர் தா. சனாதனன் வைத்த படைப்பும் வீடுகளில் சேகரித்த பொருள்களால் ஆனதே.
- முல்லைத்தீவுக் கரையில் பொறுக்கிய வெறும் சிப்பி, மட்டிக்கோதுகளை நல்ல தண்ணீரில் ஊறவிட்டு, தண்ணீரைப் பலமுறை மாற்றிக் காயவையுங்கள். உப்பு தங்கினால் பிறகு சாந்தின்மேல் வெள்ளையாகப் பூக்கும்.
- மாபிளையும் போத்தலையும் சாக்கில் சுற்றி உடையுங்கள். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி, கைக்குத் தடித்த உறை கட்டாயம். கூரான ஓரங்களைத் தேய்த்து மழுக்குங்கள்.
- வெயிலில் நின்று ஒட்ட முடியாவிட்டால், நிழலில் இருந்து தடித்த கடதாசியில் துண்டுகளை முகம் கீழாக மாப்பசையால் ஒட்டுங்கள். பிறகு சுவர்ச் சாந்தில் அப்படியே பதித்து, இறுகியபின் கடதாசியை நனைத்து உரிக்கலாம். இடம் வலம் மாறும். எழுத்தைத் திருப்பி அமையுங்கள்.
- ஒரு பங்கு சீமெந்துக்கு மூன்று பங்கு அரித்த ஆற்றுமணல் போதும். ஈரச்சாக்குப் போட்டு ஒரு கிழமை நனைத்து வாருங்கள். ஐப்பசி மாரிக்கு முன் முடித்துவிடுங்கள்.

செய்யக்கூடாதவை

- காட்டிலோ காணியிலோ கிடக்கும் இரும்பு, பித்தளைத் துண்டுகளைத் தொடாதீர்கள். வெடிக்காத பொருளாக இருக்கலாம். வந்த வழியே திரும்பிப் பொலிசுக்கு அறிவியுங்கள். சிறுவர்களைத் தனியே பொறுக்க அனுப்பாதீர்கள்.
- குளக்கட்டிலும் பழைய மேடுகளிலும் காணும் கறுப்பு, சிவப்பு மட்பாண்டத் துண்டுகளை எடுக்காதீர்கள். அவை ஈராயிரம் ஆண்டுப் பழமையானவையாக இருக்கக்கூடும். தொல்பொருள்களை 1940ஆம் ஆண்டுச் சட்டம் காக்கிறது.
- அஸ்பெஸ்டஸ் கூரைத் தகட்டை உடைக்காதீர்கள். அதன் தூசி நுரையீரலுக்கு நஞ்சு.
- பவளப்பாறையையும் கடலாமை ஓட்டையும் கொண்டுவராதீர்கள். இரண்டும் சட்டத்தால் காக்கப்பட்டவை.
- கடல்மணலில் சாந்து குழைக்காதீர்கள்.
- வெளிச்சுவருக்கு வெள்ளைப் பசை வேண்டாம், மழையில் இளகும். போத்தல் மூடிகள் சீமெந்தில் பிடிக்காது, வெயிலில் வெளிறும். அவற்றைப் பலகையில் திருகாணியால் பொருத்தி உள்ளே மாட்டுங்கள்.
- விதைகளால் செய்யும்போது குண்டுமணியைச் சிறுவர் கையில் கொடுக்காதீர்கள். அது கடும் நஞ்சு. மஞ்சாடி விதை போதும்.
- ஆளில்லாத வீடென்று தரையைப் பெயர்க்காதீர்கள். காணிக்காரர் கொழும்பிலோ கனடாவிலோ இருக்கலாம். அந்தத் தரை அவருடைய வீட்டுக்கு மிஞ்சிய ஒரே அடையாளமாகவும் இருக்கலாம். கேட்டு வாங்க முடியாத துண்டு, எவ்வளவு வடிவானாலும், உங்கள் சுவருக்கு வேண்டாம்.