பிள்ளைகளிடம் யாரை அனுப்புகிறோம்?
தொண்டர் தெரிவும் பொலிஸ் நற்சான்றிதழும்



விதைநெல்லைச் சோதிக்காமல் வயலில் இறங்கும் கமக்காரர் எம்மிடையே அரிது. உப்புக் கரைத்த நீரில் நெல்லைக் கொட்டிக் கிளறுகிறோம். மேலே மிதக்கும் பதரை அள்ளி எறிகிறோம். அடியில் தங்கியதை நன்னீரில் கழுவி எடுக்கிறோம். நூறு மணியை ஈரச் சாக்கில் சுற்றி வைத்து எத்தனை முளைக்கின்றன என்று எண்ணியும் பார்க்கிறோம். ஒரு போக விளைச்சலுக்கு இவ்வளவு கவனம் எடுக்கும் நாம், முன்பள்ளிக்கு ஓர் ஆசிரியையை, மாலை வகுப்புக்கு ஓர் இளைஞரை, தனித்திருக்கும் முதியோரைப் பார்க்கப் போக ஒரு தொண்டரைத் தெரிவு செய்யும்போது என்ன சோதனை செய்கிறோம்?

"நல்ல பிள்ளை போல இருக்கிறது", "இன்னாருடைய மருமகன்", "கோயிலுக்கு ஒழுங்காக வருகிறவர்" என்ற அளவிலேயே பெரும்பாலும் எமது சோதனை முடிந்துவிடுகிறது.

இப்போது உதவி வழங்கும் நிறுவனங்கள் சில, ஊழியரும் தொண்டரும் பொலிஸ் நற்சான்றிதழ் தர வேண்டும் எனக் கேட்கின்றன. இது பற்றிச் சங்கக் கூட்டங்களில் இரு விதமான பேச்சு எழுகிறது. "எங்களைக் கள்ளராகப் பார்க்கிறார்களா?" என்று சிலர் மனம் நோகின்றனர். "பொலிஸ் ரிப்போட் இருந்தால் வேறென்ன வேண்டும்?" என்று வேறு சிலர் கேட்கின்றனர். இரண்டும் சரியல்ல என்பதே இப்பாடத்தில் நாம் சொல்ல விரும்புவது. சான்றிதழ் தேவை, ஆனால் அது முதற்படி மட்டுமே.

1. ஏன் இந்தச் சோதனை?

இடம்பெயர்ந்த குடும்பத்தின் நிலை நாம் யாவரும் அறிந்ததே. காணி இல்லை, கையில் தொழில் இல்லை. தாயும் தகப்பனும் விடியற்காலையில் கூலி வேலைக்குப் போய்விடுகின்றனர். பிள்ளைகள் அயலவரின் கண்ணிலும் சங்கம் நடத்தும் வகுப்புகளிலும் வளர்கின்றனர். அங்கே பொறுப்பில் இருப்பவரிடம் ஓர் அதிகாரம் இருக்கிறது. நிவாரணப் பட்டியலில் பெயர் எழுதுபவர் அவரே. கொப்பியும் பேனையும் பகிர்ந்து கொடுப்பவரும் அவரே. அவர் தவறு செய்தாலும் எதிர்த்துப் பேசக் குடும்பம் தயங்கும். தவறான நோக்கமுடையவன் இத்தகைய இடத்தையே தேடி வருகிறான். அவன் பெரும்பாலும் முரடனாக வருவதில்லை, உதவி செய்பவனாகவே வருகிறான்.

எமது நாடு சிறுவர் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை 1991இல் ஏற்று உறுதி செய்தது. 1995இல் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டு, சிறுவரைக் கொடுமைப்படுத்துவதும் பாலியல் சுரண்டலும் தனிக் குற்றங்களாகச் சேர்க்கப்பட்டன. 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை அமைக்கப்பட்டது. ஆனால் சட்டம் பெரும்பாலும் குற்றம் நடந்த பின்னரே வருகிறது. நடக்க முன்னர் காப்பது எமது கடமை.

2. சான்றிதழ் எதைச் சொல்கிறது?

எமது கிராமங்களில் இரு சான்றிதழ்கள் பழக்கத்தில் உள்ளன. ஒன்று, கிராம உத்தியோகத்தர் வழங்கி, பிரதேச செயலாளர் மேலொப்பமிடும் வதிவிட, நற்பண்புச் சான்றிதழ். மற்றையது பொலிஸ் நற்சான்றிதழ். வெளிநாடு போக முயன்றவர்கள் உள்ள வீடுகளில் இது நன்கு அறிந்த ஒன்று.

கிராம உத்தியோகத்தர் தாம் அறிந்த காலத்துக்கே சாட்சி சொல்ல முடியும். பொலிஸார் தம்மிடமுள்ள பதிவுகளுக்கே சாட்சி சொல்ல முடியும். முறைப்பாடு செய்யப்படாத குற்றம் எந்தப் பதிவிலும் இராது. மானத்துக்குப் பயந்து குடும்பம் மறைத்ததும், ஊர்ப் பெரியவர்கள் சமாதானம் செய்து மூடியதும் பதிவில் வராது. எனவே "பதகமான பதிவு இல்லை" என்ற வரி, "இவர் நல்லவர்" என்று பொருள்படாது.

உப்பு நீரும் அப்படித்தான். பதரை அது காட்டிக்கொடுக்கும். ஆனால் மணி நிறைந்த களைநெல் நல்ல நெல்லுடன் சேர்ந்து அடியிலேயே தங்கிவிடும். அதை வயலில் இறங்கிப் பார்த்துத்தான் பிடுங்க வேண்டும்.

3. ஓர் ஆங்கில ஊர் கற்ற பாடம்

பதிவுகளை ஒழுங்காகப் பேணும் நாடுகளிலும் இந்தக் குறை உண்டு. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ்ஷயர் பகுதியில் சோஹம் என்ற சிற்றூர் இருக்கிறது. 2002 ஓகஸ்ட் மாதம் அங்கு பத்து வயதுச் சிறுமியர் இருவர் கொலை செய்யப்பட்டனர். கொலை செய்தவர் அவ்வூர் இடைநிலைப் பாடசாலையின் பராமரிப்பாளர். வேலைக்கு எடுக்கும்போது பொலிஸ் விசாரணையும் நடந்திருந்தது. அதில் ஒன்றும் தெரியவரவில்லை.

உண்மையில், அவர் முன்னர் வாழ்ந்த ஹம்பர்சைட் பகுதியில், 1995க்கும் 1999க்கும் இடையில் இளம் பெண்கள் தொடர்பாக அவர்மீது பல முறைப்பாடுகள் எழுந்திருந்தன. அவற்றில் ஒன்றிலேனும் அவர் குற்றவாளியாகத் தீர்க்கப்படவில்லை. அவர் இரு பெயர்களையும் பயன்படுத்தி வந்தார். ஒரு பகுதிப் பொலிஸார் அறிந்தது மறு பகுதிப் பொலிஸாருக்குப் போய்ச் சேரவில்லை. 2004 யூன் மாதம் வெளியான விசாரணை அறிக்கை இக்குறைகளை எடுத்துக் காட்டியது. அதன் பின்னர் அந்நாட்டில் சிறுவருடன் பணிபுரிவோரைச் சோதிக்கும் முறை சட்டத்தினால் மாற்றியமைக்கப்பட்டது.

ஓர் ஊரில் முறைப்பாடு, மற்றோர் ஊரில் வேலை, இடையில் தொடர்பு இல்லை. இடம்பெயர்ந்து வாழும் எமக்கு இது அந்நியமான கதையா?

4. ஊர் குலைந்தபோது குலைந்த சாட்சி

முன்னர் ஒருவரை அறிய எமக்குக் காகிதம் தேவைப்படவில்லை. இன்னாரின் பேரன் என்றால் மூன்று தலைமுறை தெரியும். எவருடைய வளவுக்குள் பிள்ளையை அனுப்பக் கூடாது என்பதும் ஆச்சிமாருக்குத் தெரியும். 1990 யூன் மாதம் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995 ஒக்டோபரில் வலிகாமம் முழுவதிலிருந்தும், 2008, 2009 ஆண்டுகளில் வன்னியிலிருந்தும் மக்கள் இடம்பெயர்ந்தபோது அந்த அறிவும் சிதறியது. 2012 செப்டெம்பரில் மூடப்படும் வரை செட்டிகுளத்து முகாம்களில் பல மாவட்டத்தாரும் அருகருகே வாழ்ந்தனர். மீளக்குடியேறிய கிராமங்களிலும் பாதிப்பேர் ஒருவருக்கொருவர் புதியவர். 

இதில் எமது தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நாம் பணிபுரிந்த ஒரு நலன்புரி நிலையத்தில் மாலை ரியூசன் வகுப்புக்கு ஒருவர் முன்வந்தார். படித்தவர், சம்பளம் கேட்கவில்லை. அவருடைய சான்றிதழ்களிலும் குறை இல்லை. சில கிழமைகளின் பின் ஓர் ஆச்சி வந்து, "சுவாமி, அவர் என்ரை பேத்தியை மட்டும் பின்னேரம் மறிச்சு வைச்சிருக்கிறார். எனக்கு மனம் சரியில்லை" என்றார். "படிப்பிக்கத்தானே ஆச்சி" என்று அவரை அனுப்பிவிட்டோம். ஆச்சி விடவில்லை, மீண்டும் வந்தார். அதன் பின்னரே அவர் முன்பு இருந்த இடத்தில் விசாரித்தோம். அங்கும் இதே போன்ற முறைப்பாடு இருந்ததாகவும், "பிரச்சினை வேண்டாம்" என்று அவரை அமைதியாக அனுப்பிவிட்டதாகவும் அறிந்தோம். அன்றே அவரை வகுப்பிலிருந்து நீக்கி, உரியவர்களுக்கு அறிவித்தோம். ஆச்சி முதலில் வந்த நாளிலேயே அதைச் செய்திருக்க வேண்டும்.

அவர்கள் "அமைதியாக அனுப்பியது" எமது பிள்ளைகளிடம்தான். இதை நாம் மறக்கக் கூடாது.

5. வீண்பழி சுமப்பவர்கள்

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். பொலிஸ் என்ற சொல்லைக் கேட்டதும் நெஞ்சு பதறும் குடும்பங்கள் எம்மிடையே ஏராளம். 1979இல் கொண்டுவரப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் பிடிக்கப்பட்டு, குற்றம் சாட்டப்படாமலே நெடுங்காலம் தடுத்து வைக்கப்பட்டுப் பின் விடுவிக்கப்பட்டவர்கள் பலர். அவர்களில் ஒருவர் முன்பள்ளிக்கு உதவ ஆசைப்பட்டும், "பொலிஸ் ரிப்போட்" என்றதும் படிவத்தைத் திருப்பித் தந்துவிட்டுப் போனதை நாம் கண்டோம். நல்ல தொண்டர் ஒருவரை இழந்தோம். இது அநீதி.

எனவே மூன்றைப் பிரித்தறிய வேண்டும். விசாரிக்கப்படுவது வேறு, கைது செய்யப்படுவது வேறு, நீதிமன்றம் குற்றவாளியெனத் தீர்ப்பது வேறு. தீர்ப்பு இருந்தாலும், அது என்ன குற்றம், எப்போது நடந்தது, கொடுக்கப்போகும் பணியுடன் அதற்கு என்ன தொடர்பு என்று கேட்க வேண்டும். அனுமதியின்றி மரம் தறித்துத் தண்டம் கட்டியவர் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லத் தடையில்லை. சங்கப் பணத்தைக் கையாடியவரைப் பொருளாளராக்க முடியாது. சிறுவருக்கோ பெண்களுக்கோ எதிரான குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவரை, அவர் எவ்வளவு மனம் வருந்தினாலும், அவர்களிடையே பணிக்கு வைக்கலாகாது. மன்னிப்பு வேறு, பொறுப்பு வேறு.

அப்படியானால், தீர்ப்பு இல்லாத முறைப்பாடுகளை என்ன செய்வது? சோஹம் ஊரில் அவையல்லவா எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும்? இங்குதான் நிதானம் தேவை. ஊர்ப் பகையில் எழுந்த வதந்தியும், அரசியல் சந்தேகத்தில் நடந்த கைதும் ஒருவர் பிள்ளைகளுக்குத் தீங்கு செய்வார் என்பதற்குச் சான்றல்ல. ஆனால் ஒருவரையொருவர் அறியாத இருவர், வெவ்வேறு இடத்தில், ஒரே வகையான நடத்தையைச் சொன்னால் அதைத் தள்ளிவிட முடியாது. நேரில் அறிந்தவரிடம் கேட்க வேண்டும். சம்பந்தப்பட்டவருக்குப் பதில் சொல்ல இடம் கொடுக்க வேண்டும். ஐயம் தீராவிட்டால் பிள்ளைகளுடன் தொடர்பில்லாத வேறு பணி கொடுக்கலாம். ஆனால் பிள்ளைக்குத் தீங்கு நடந்ததாக ஒரு சொல் வந்தால், விசாரணை எமது வேலையன்று. அதை உரியவர்களிடமே ஒப்படைக்க வேண்டும்.

6. சங்கம் செய்யக்கூடியவை

(அ) விண்ணப்பத்தில் ஞானஸ்நானப் பெயர், வீட்டுப் பெயர் உட்பட எல்லாப் பெயர்களையும், வாழ்ந்த, வேலை செய்த எல்லா இடங்களையும் ஆண்டுகளுடன் எழுதுவிக்க வேண்டும். முகாம்களையும் சேர்க்க வேண்டும். இடைவெளி இருந்தால் காரணம் கேட்க வேண்டும். ஆவணங்கள் தொலைந்திருந்தால் அதைக் குற்றமாகக் கொள்ளலாகாது.

(ஆ) தேசிய அடையாள அட்டையையும் சான்றிதழ்களையும் மூலப் பிரதியாகவே பார்க்க வேண்டும். கட்டணத்தையும் பஸ் செலவையும் சங்கமே ஏற்க வேண்டும். இல்லாவிட்டால் ஏழைத் தொண்டர் வாசலிலேயே நின்றுவிடுவார்.

(இ) உறவினரல்லாத இருவரிடம் நேரில் விசாரிக்க வேண்டும். ஒருவர் முன்பிருந்த இடத்தைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். "உங்கள் பிள்ளையை இவருடன் விடுவீர்களா?" என்று கேளுங்கள். பதிலையும், பதிலுக்கு முன் வரும் தயக்கத்தையும் கவனியுங்கள்.

(ஈ) முதல் மூன்று மாதம் பரீட்சார்த்த காலமாக இருக்கட்டும். அதன் பின்னரும் பிள்ளைகளுடன் எப்போதும் வளர்ந்தோர் இருவர் இருக்க வேண்டும். கதவு திறந்திருக்க வேண்டும். ஒரு பிள்ளையைத் தனியே மறித்து வைப்பதும், வீட்டுக்கு அழைப்பதும், இரகசியமாகப் பரிசு கொடுப்பதும் கூடாது.

(உ) முறைப்பாடு கேட்க இருவரை நியமிக்க வேண்டும். ஒருவர் பெண்ணாக இருத்தல் அவசியம். பிள்ளை சொல்வதைப் பொறுமையாகக் கேட்டு, எழுதிவைத்து, திரும்பத் திரும்ப விசாரியாமல், பொலிஸாருக்கோ தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கத்துக்கோ அறிவிக்க வேண்டும். மத்தியஸ்தம் பேசுவதும், பணம் வாங்கிக் கொடுத்து முடிப்பதும், கல்யாணம் பேசுவதும் தீர்வல்ல.

(ஊ) ஒருவரின் சான்றிதழில் உள்ளதை இருவருக்கு மேல் பார்க்கலாகாது. பூட்டிய பெட்டியில் வைக்க வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் குற்றங்கள் பற்றிய விபரங்களைச் சிறப்புக் கவனத்துக்குரியவையாக வகுத்துள்ளது.

(எ) இந்த விதி எல்லோருக்கும் பொது. நன்கொடையாளர், வெளிநாட்டுத் தொண்டர், மறைக்கல்வி ஆசிரியர், சாரதி, குருவானவர் எவருக்கும் விலக்கில்லை. எல்லோரையும் கேட்டால் எவருக்கும் அவமானமில்லை.

7. விசுவாசத்தின் ஒளியில்

ஆதித் திருச்சபையில் கைம்பெண்களுக்கான அன்றாட உணவுப் பங்கீட்டில் குறை எழுந்ததை அப்போஸ்தலர் பணி ஆறாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அப்போஸ்தலர்கள் தாமே எழுவரை நியமித்துவிடவில்லை. மக்களிடமே விட்டு, நல்ல பெயர் எடுத்தவர்களைப் பார்த்துத் தெரியச் சொன்னார்கள். நிவாரணப் பணிக்கு ஆளெடுக்கும்போது ஊராரைக் கேட்பது அன்று தொட்டே எமது மரபு.

அந்த மரபிலிருந்து திருச்சபையே தவறிய சந்தர்ப்பங்கள் உண்டு என்பதை வெட்கத்துடன் ஏற்கிறோம். பல நாடுகளில் குற்றம் செய்த குருக்கள் ஒரு பங்கிலிருந்து இன்னொரு பங்குக்கு அமைதியாக மாற்றப்பட்டனர். 2019 மே மாதம் பாப்பரசர் பிரான்சிஸ் வெளியிட்ட சட்டம், முறைப்பாடுகளை ஏற்கும் வழியொன்று ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் இருக்க வேண்டும் எனப் பணித்தது. மறைத்துக் காப்பாற்றிய நற்பெயர் எவருக்கும் பயன்படவில்லை.

இழந்த காணியை மீட்பது எமது கையில் மட்டும் இல்லை. இருக்கும் பிள்ளைகளைக் காப்பது பெரும்பாலும் எமது கையிலேயே இருக்கிறது.

கலந்துரையாடுவதற்கு

1. எமது கிராமத்தில் பிள்ளைகளுடனும் முதியோருடனும் பணிபுரிவோர் யார் யார்? அவர்களை எப்படித் தெரிவு செய்தோம்?
2. வீண் சந்தேகத்தால் ஒதுக்கப்பட்டவர் எம்மிடையே உண்டா? அவருக்கு எப்படி இடம் கொடுக்கலாம்?
3. ஒரு பிள்ளை இன்று முறையிட விரும்பினால் யாரிடம் போகும்? அந்தப் பிள்ளைக்கு அது தெரியுமா?
4. மேற்கூறிய ஏழில், அடுத்த கூட்டத்துக்கு முன் நாம் தொடங்கக்கூடிய ஒன்று எது? யார் பொறுப்பு?