ஹேங் ஆகிற கணினியைப் பேசவைப்பது

லினக்ஸ் அடிக்கடி நின்றுபோகிறது என்று சொன்னாலே, "ஓஎஸ்ஸை அழித்துவிட்டு மறுபடி போடுங்கள்" என்று யோசனை வரும். அரிதான வன்பொருளில் அது வீண் வேலை. அதே கர்னலைத் திரும்பப் போட்டால் அதே கோளாறுதான் திரும்ப வரும்.

விசிறி இல்லாத பழைய குட்டிப் பெட்டி ஒன்றை வீட்டு சர்வராக வைத்திருந்தேன். வேலை கொடுத்தால் நன்றாக ஓடும். சும்மா இருக்கும்போதுதான் நின்றுவிடும். கேப்ஸ் லாக்கைத் தட்டினால் விளக்கு எரியாது. முந்தைய பூட்டின் லாக்கைப் பார்த்தால், ஏதோ ஒரு சாதாரண வரியோடு முடிந்திருக்கும். பேனிக் இல்லை, ஊப்ஸ் இல்லை. ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட் ஓட்டியும் ராமில் பிழை வரவில்லை. அடாப்டரை மாற்றியும் பலனில்லை.

ஒரு வரிகூட எழுதாமல் நின்றால் என் சந்தேகம் டிரைவர் மேல் போவதற்கு முன் மின்சாரத்தின் மேலும் பிராசசரின் தூக்க நிலைகள் மேலும்தான் போகும். பே டிரெயில் தலைமுறைச் சில்லுகள் ஆழ்ந்த சி-ஸ்டேட்டுக்குப் போகும்போது உறைந்துவிடுவது பலர் பட்ட பாடு. கர்னல் பக்சில்லாவில் 109051 என்ற எண்ணில் அந்தப் புகார் நீண்டுகொண்டே போனது. என் பெட்டியிலும் அதே சில்லுதான். கிரப்பில் மேக்ஸ் சி-ஸ்டேட்டை 1 என்று கொடுத்தேன், நின்றுவிட்டது தொல்லை. மின்சாரம் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும், அவ்வளவுதான். ராஸ்பெரி பை வைத்திருப்பவர்கள் முதலில் டிமெசேஜில் 'அண்டர்-வோல்டேஜ்' இருக்கிறதா என்று பாருங்கள், 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அந்த எச்சரிக்கை வரும்.

கர்னல் ஏதாவது சொல்லிவிட்டுச் செத்தால் வேலை பாதி முடிந்த மாதிரி. டிஸ்க்கில் எழுத நேரமிருக்காது. ஆகவே நெட்கன்சோல் வைத்துப் பக்கத்துக் கணினிக்கு அனுப்புங்கள். சீரியல் போர்ட் இருந்தால் அதைவிட நல்லது. திரையில் கடைசியாக நிற்கும் ஊப்ஸை நம்பாதீர்கள். 'டெயின்டட்' வரியில் D என்ற எழுத்து இருந்தால், அதற்கு முன்பே ஒரு ஊப்ஸ் வந்து போயிருக்கிறது. அந்த முதலாவதுதான் வேண்டும்.

பழைய கர்னலில் ஒழுங்காக ஓடியது என்றால் கிட் பைசெக்ட்டைவிட நேர்வழி இல்லை. 10,000 மாற்றங்கள் இருந்தாலும் சுமார் 14 முறை கம்பைல் செய்தால் போதும். மெதுவான பெட்டியிலேயே கம்பைல் செய்யாதீர்கள், பொழுது போய்விடும்.

புகார் எழுதும்போது செல்போனில் எடுத்த அரைகுறைத் திரைப் படத்தோடு நிறுத்திவிடாதீர்கள். பூட் ஆனதிலிருந்து வந்த முழு லாக், போர்டின் மாடல், பயாஸ் பதிப்பு மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள். உங்களிடம் இருக்கும் போர்டு, டிரைவர் எழுதியவரிடம் அநேகமாக இருக்காது.