காலிலிருந்து தொடங்கு

அன்புத் தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸ் காலத்துப் புதுச்சேரியை வைத்து எடுக்கும் தொடருக்கு உடை வேலை உன் கைக்கு வந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். ரொம்ப சந்தோஷம். சரித்திரப் படங்களில் எனக்குப் பிடித்த உடை எது, பிடிக்காதது எது என்றும் கேட்டிருக்கிறாய். பட்டியல் போட எனக்கு வராது. மனசில் நிற்கிற சிலதைச் சொல்கிறேன், ஏன் நிற்கிறது என்பதோடு.

‘தங்கலான்’ படத்தில் ஊர்ப் பெண்கள் முதல் முறையாக ரவிக்கை போட்டுக்கொள்ளும் இடம் இருக்கிறதே, அதுதான் முதலில் ஞாபகம் வருகிறது. அதுவரை சேலையை மட்டும் சுற்றிக்கொண்டு திரிந்தவர்கள், கைக்கு வந்த துணியை மாட்டி, ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரித்துப் பூரித்துப்போகிறார்கள். ரவிக்கையை எடுத்துவிட்டால் அங்கே காட்சியே இல்லை. ‘பரதேசி’க்காகப் பூர்ணிமா ராமசாமிக்கு தேசிய விருது கொடுத்தார்களே, அதுவும் எனக்குப் பிடித்த வேலை. அந்தப் படத்தில் ஒரு துணிகூடக் கடையிலிருந்து நேற்று வந்த மாதிரி இருக்காது. அழுக்கு வேலைக்கு விருது கிடைப்பது நம் தொழிலில் அபூர்வம். ‘பொன்னியின் செல்வ’னில் நகையும் கொண்டையும் அருமை. ஆனால் போருக்குப் போய் வந்தவன் வேட்டியிலும் இஸ்திரி மடிப்பு தெரிகிற மாதிரி எனக்கு ஒரு உறுத்தல்.

‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ வெல்வெட்டை நான் குறை சொல்வேன் என்று நீ எதிர்பார்த்திருப்பாய். சொல்ல மாட்டேன். 1959இல் படமாவதற்கு முன்பே அது மேடையில் வெற்றி பெற்ற நாடகம். சம்கியும் சரிகையும் கடைசி வரிசைக்காரன் கண்ணுக்கும் பளிச்சென்று தெரியத்தான் மேடைக்கு வந்தன. சிவாஜி அதைச் சுமந்து நின்ற விதத்தில் அது எடுபட்டது. அதற்குப் பிறகு ராஜா என்றாலே வெல்வெட் என்று ஆக்கிவிட்டார்களே, அதுதான் எரிச்சல்.

அதைவிட எரிச்சல், வெள்ளைக்காரச் சிப்பாய் என்றால் கண்ணை மூடிக்கொண்டு சிவப்புக் கோட்டு மாட்டிவிடுவது. சிவப்பு இங்கிலீஷ்காரனுடையது. பிரெஞ்சுக் காலாட்படை அந்த நூற்றாண்டில் பெரும்பாலும் சாம்பல் கலந்த வெள்ளையில்தான் இருந்தது. வாடகைக் கடையில் சிவப்புதான் இருக்கிறது என்று டைரக்டர் சொன்னால் விட்டுக்கொடுக்காதே. இதற்கு ஒரு விலக்கு, 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலியோடு வந்த ஐரிஷ் படைப்பிரிவு. அவர்கள் பிரெஞ்சு ராஜாவுக்குச் சண்டை போட்டாலும் சிவப்புதான் போட்டார்கள். உன் கதை துய்ப்ளேக்ஸோடு 1754இல் முடிந்துவிடுவதால் உனக்கு அந்தத் தலைவலி இல்லை.

இனி உனக்கு நான் உண்மையில் சொல்ல நினைப்பது. அழகாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன், யார் முன்னால் யார் எதைப் போட அனுமதி என்று பார். நம் ஊரில் உடை ரொம்ப நாள் அனுமதி விஷயமாகவே இருந்தது. ஆனந்தரங்கப் பிள்ளை கவர்னர் மாளிகைக்குள் பல்லக்கோடு போகலாம், காலில் செருப்போடு நிற்கலாம் என்பது அவருக்குக் கிடைத்த தனிச் சலுகையாகச் சொல்லப்படுகிறது. கவர்னருக்கு மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும் இருந்த அவ்வளவு பெரிய துபாஷுக்கே அது சலுகை என்றால் மற்றவன் நிலையை யோசி. 1736இலிருந்து அவர் எழுதிய நாட்குறிப்பைப் புரட்டு. யாருக்கு எத்தனை கெஜம் சகலாத்துக் கம்பளி மரியாதையாகக் கொடுத்தார்கள் என்ற கணக்கு வந்துகொண்டே இருக்கும். அவருக்குத் துணியின் அளவு மரியாதையின் அளவு. உன் காட்சியில் தாம்பாளத்தில் ஏதோ ஒரு பட்டுத்துணியை மடித்து வைத்துத் தள்ளிவிடாதே. கம்பளியை வை. நம் வெயிலில் கம்பளியை வாங்கிக்கொண்டு அவர் முகம் மலர வேண்டும், அது நடிகர் பாடு.

இதற்கெல்லாம் நூறு வருஷத்துக்கும் மேல் கழித்து, 1873இல், பொன்னுத்தம்பி பிள்ளை என்ற வக்கீல் ஐரோப்பிய பாணியில் காலுறையும் ஷூவும் போட்டுக்கொண்டு புதுச்சேரி நீதிமன்றத்துக்குள் போனார். இந்தியர் அப்படி வரக்கூடாது என்பது வழக்கம். வெளியே போகச் சொன்னார்கள். அவர் விடவில்லை, வழக்கைப் பாரிஸ் உயர் மன்றம் வரை கொண்டுபோய் ஜெயித்தார். சொந்த ஜாதிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வரலாம் என்று 1881இல் ஆணை வந்தபோது அதில் முன்னணியில் நின்றவரும் அவர்தான். லபோர்த் என்று பெயரையும் மாற்றிக்கொண்டார். இதை யாராவது படமாக எடுத்தால் உடைக்காரன்தான் அதில் கதாநாயகன். நீதிபதியின் அங்கி, வக்கீலின் அங்கி எல்லாம் சரியாக இருந்து, ஷூ மட்டும் இன்றைய கல்யாண மாப்பிள்ளை ஷூவாக இருந்தால் அத்தனையும் வீண்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. செயற்கைச் சாயம் 1856இல் பெர்கின் கண்டுபிடித்த ஊதாவிலிருந்துதான் ஆரம்பம். அதற்கு முன் நம் கரையில் சிவப்புக்குச் சாயவேர், நீலத்துக்கு அவுரி. புதுச்சேரி நீலத்துணி கப்பலேறி செனகால் வரை போனது, அங்கே பிசின் வியாபாரத்தில் காசு மாதிரியே புழங்கியது. ஆகவே உனக்கு நீலத்தில் பஞ்சமே இல்லை. மிளிரும் வயலெட், பளீர் பச்சை, ரோஸ் எல்லாவற்றையும் கடைக்காரரிடமே விட்டுவிட்டு வா. பாலியெஸ்டரை அழுக்காக்கினால்கூட அது பாலியெஸ்டராகவே அழுக்காகும்.

அடுத்து பாரதி காலத்துக்குப் போவேன் என்று எழுதியிருக்கிறாய். 1908இலிருந்து பத்து வருஷம் அவர் புதுச்சேரியில் இருந்ததால் போட்டோ ஆதாரம் இருக்கிறது, கவலை இல்லை என்று நினைக்காதே. அந்தக் காலத்தில் அதிகம் புழங்கிய பிலிமுக்கும் கண்ணாடித் தகட்டுக்கும் சிவப்பு தெரியாது. சிவப்பு கறுப்பாக விழும், வெளிர் நீலம் வெள்ளையாக விழும். போட்டோவில் கறுப்பாகத் தெரிகிற கோட்டும் சேலைக் கரையும் நேரில் என்ன நிறமோ. அந்தக் காலத்துத் துணி ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு பண்ணு.

பழசாக்கும் வேலையை உதவியாளரிடம் தள்ளாதே. டீத்தண்ணீரில் முக்கி எடுத்தால் எல்லாம் ஒரே பழுப்பாகி, யூனிட் முழுக்க ஒரே டீக்கடையில் குளித்த மாதிரி இருக்கும். கணக்கப்பிள்ளைக்கு வலது மணிக்கட்டுப் பக்கம் மட்டும் கை தேய்ந்திருக்க வேண்டும், அங்கே உப்புத்தாள் போடு. பல்லக்கு தூக்குகிறவனுக்குத் தோளில், நடந்தே பிழைக்கிறவனுக்கு வேட்டியின் கீழ்க்கரையில். துபாஷ் வீட்டு மனிதருக்கு எங்கேயும் வேண்டாம், கஞ்சி மட்டும் மொடமொடவென்று இருக்கட்டும்.

செருப்பையும் ஷூவையும் முதல் ஒத்திகைக்கே கொடுத்துவிடு. செருப்பு போடப் பழகாதவன் நடையும், கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகிறவன் குனிவும் ஷூட்டிங் அன்று காலையில் வராது. பட்ஜெட்டில் அதற்குத் தனியாகப் பணம் கேள். தயாரிப்பு நிர்வாகி முறைப்பார், குளோஸப்பில் கால் எங்கே தெரியப் போகிறது என்பார். பொன்னுத்தம்பி வழக்கை அவருக்குச் சொல்லிப் பார். அப்படியும் மசியவில்லை என்றால் எனக்குப் போன் போடு, நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்