சீனியைக் குறைத்தோம், சோற்றை?

இலங்கையில் வளர்ந்தவர்கள் 100 பேரை எடுத்தால் 23 பேருக்கு நீரிழிவு. இன்னும் 30 பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள். 2018, 2019ஆம் ஆண்டுகளில் நாடு முழுவதும் நடந்த ஆய்வு தரும் கணக்கு இது. 2005, 2006இல் நடந்த தேசிய ஆய்வில் இருபது வயது கடந்தவர்களில் 100க்கு 10 பேரிடம்தான் இந்த நோய் இருந்தது. இரண்டு ஆய்வுகளும் அளந்த முறை சற்று வேறு. ஆனாலும் போகும் திசையில் சந்தேகமில்லை. நகரங்களில் நிலைமை இன்னும் மோசம்.

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ இந்த வருத்தம் எட்டிப் பார்க்காத குடும்பம் அரிது. அதனால் ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள். சந்தையிலும் கோயில் வீதியிலும் பிளட்டின் லிப்ட் வாசலிலும் கேட்கும் அந்த அறிவுரைகள் பெரும்பாலும் ஒரே சாயல்தான்: இதை விட்டுவிட்டு அதை எடு. சீனிக்குப் பதில் பனங்கட்டி, சோற்றுக்குப் பதில் குரக்கன் புட்டு, குளிசைக்குப் பதில் மரக் குவளைத் தண்ணீர். பொருள் மாறுகிறது, அளவு அப்படியே இருக்கிறது. நம்மை அதிகம் கெடுப்பது இந்தப் பண்டமாற்றுத்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

“நான் தேத்தண்ணிக்குச் சீனி போடுறதே இல்லை”

நல்ல பழக்கம், விட வேண்டாம். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு தேக்கரண்டிச் சீனி ஏறத்தாழ 5 கிராம். நாளுக்கு மூன்று தேத்தண்ணியில் மூன்று கரண்டியை நிறுத்தினால் 15 கிராம் மிச்சம். ஒரு துண்டுப் பாணில் இருக்கும் மாச்சத்தும் ஏறக்குறைய அதே 15 கிராம்தான். ஒரு கப் சோற்றில் 45 கிராம். மத்தியானம் கோப்பையில் மூன்று கப் சோறு போட்டால் 135 கிராம் மாச்சத்து வயிற்றுக்குள் போகிறது. சமிபாடு முடிந்ததும் அது முழுவதும் குளுக்கோசாகத்தான் இரத்தத்தில் சேரும். 27 கரண்டிச் சீனியின் எடை அது.

மூன்று கப் யார் சாப்பிடுகிறார்கள் என்று கேட்கலாம். வீட்டில் நாளைக்கு ஒரு தடவை அளந்து பார்த்தால் தெரியும். நமது மத்தியானக் கோப்பை எப்படி இருக்கும்? நடுவில் குவித்த சோறு. அதன் ஓரத்தில் ஒரு கரண்டி பருப்பு, இரண்டு விரலால் எடுக்கும் அளவு கீரைச் சுண்டல், ஒரு துண்டு மீன், ஒரு பப்படம். முதற் சோறு குழம்போடு, இரண்டாவது சொதியோடு. மரக்கறி என்பது சோற்றை இறக்குவதற்கான துணையாகிவிட்டது. இரவில் “சோறு சாப்பிடுறதில்லை” என்று பெருமையாகச் சொல்லிவிட்டுப் பத்து இடியப்பத்தோடு உட்காருகிறோம். இடியப்பமும் அரிசி மாதான்.

கோப்பையைத் திருப்பிப் போட வேண்டும். பாதி இடம் மரக்கறிக்கும் கீரைக்கும், கால்வாசி மீனுக்கோ பருப்புக்கோ முட்டைக்கோ, மிச்சக் கால்வாசி சோற்றுக்கு. வல்லாரைச் சம்பலையும் பயற்றங்காயையும் பருப்பையும் முதலில் சாப்பிட்டுவிட்டுக் கடைசியாகச் சோற்றுக்கு வந்தால் இரத்தத்தில் குளுக்கோஸ் ஏறும் வேகம் குறைகிறது. சாப்பிட்ட கையோடு பத்து, பதினைந்து நிமிடம் நடந்தால் இன்னும் குறையும். இவற்றுக்குச் செலவு ஒன்றுமில்லை.

சோடா குடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2016 முதல் இலங்கையில் விற்கும் இனிப்புப் பானப் போத்தல்களில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று சீனியின் அளவைக் காட்டும் வட்டம் இருக்கிறது. சிவப்பு இருந்தால் போத்தலைத் தட்டிலேயே வைத்துவிடுங்கள்.

“பனங்கட்டி ஒண்டும் செய்யாது, குரக்கன் எவ்வளவும் சாப்பிடலாம்”

பனங்கட்டியோ கித்துள் கருப்பட்டியோ, பெரும்பங்கு சீனியில் இருக்கும் அதே சுக்குரோசுதான். கொஞ்சம் கனியுப்புகள் உண்டு, வாசமும் உண்டு. ஆனால் இரத்தத்துக்கு அந்த வாசம் தெரியாது. பிளேன்டீயோடு ஒரு சின்னத் துண்டைக் கடிப்பதற்கும் “இது இயற்கை” என்று மூன்று துண்டை முடிப்பதற்கும் வேறுபாடு இருக்கிறது.

குரக்கன் விஷயம் அவ்வளவு எளிதல்ல, ஏனென்றால் அது உண்மையிலேயே நல்ல தானியம். நார்ச்சத்து உண்டு, கல்சியம் நிறைய உண்டு. ஆனால் மாவாக அரைத்ததும் அதன் மாச்சத்து விரைவாகச் சமிக்கத் தொடங்கிவிடுகிறது. மா எவ்வளவு மென்மையோ அவ்வளவு வேகம். குரக்கன் ரொட்டியையும் அரிசிமா ரொட்டியையும் அளந்து பார்த்த இலங்கை ஆய்வாளர்கள், குளுக்கோஸை ஏற்றுவதில் இரண்டுக்கும் பெரிய இடைவெளி காணவில்லை. சிவப்பரிசிக்கும் இதே கதைதான். வெள்ளையைவிட ஓரளவு நல்லது, ஆனால் இரண்டு மடங்கு சாப்பிட உரிமை தரும் அளவுக்கு நல்லதல்ல. குரக்கன் புட்டு ஒரு சின்னக் குழலும் கூடவே கத்தரிக்காய்க் கறியும் கடலையும் என்றால் அது நல்ல சாப்பாடு. மூன்று குழலும் வாழைப்பழமும் சீனியும் என்றால் பெயர் மட்டும்தான் குரக்கன்.

பழத்தை முற்றாக விடத் தேவையில்லை. கறுத்தக்கொழும்பான் காலத்தில் அரைப் பழம் சாப்பிடலாம், ஜூஸ் வேண்டாம். கொய்யாவும் பப்பாசியும் அளவோடு சாப்பிடலாம்.

“மெல்லிய உடம்புக்கு வராது”

புனேயைச் சேர்ந்த டொக்டர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த டொக்டர் யுட்கினும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் ஒரு படம் 2004இல் லான்செட் இதழில் வந்தது. இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைச் சுட்டி ஒன்றுதான், 22.3. பார்த்தால் இருவரும் மெலிவு. உடற்கொழுப்பை அளந்தால் யுட்கினுக்கு நூற்றுக்கு 9.1, யாஜ்னிக்குக்கு 21.2. தெற்காசிய உடம்பின் தன்மை இதுதான். கையும் காலும் மெலிந்திருக்கும், கொழுப்பு வயிற்றுக்குள்ளும் ஈரலிலும் போய்த் தங்கும். ஆகவே தராசைவிட நமக்கு அளவுநாடா பயன்படும். ஆண்களுக்கு இடுப்பு 90 சென்ரிமீற்றரையும் பெண்களுக்கு 80ஐயும் தாண்டக்கூடாது.

இதில் கொழும்புத் தமிழருக்குத் தனியாக ஒரு கதை உண்டு. போர்க் காலத்தில் வடக்கிலிருந்து வந்து வெள்ளவத்தையில் குடியேறியவர்கள் ஊரில் சைக்கிள் மிதித்தவர்கள், கிணற்றில் அள்ளிக் குளித்தவர்கள், தோட்டத்துக்கு இறைத்தவர்கள். அந்த உடம்பு கேட்ட சோற்றின் அளவு நான்காம் மாடி பிளட்டுக்கும் கூடவே வந்துவிட்டது. வேலை மட்டும் வரவில்லை. ஒரு தலைமுறை கழிந்து, காலி வீதியைக் கடக்கவும் முச்சக்கரவண்டி கூப்பிடும் பிள்ளைகளின் கோப்பையிலும் அதே அளவுதான்.

திரும்பிப் போக வழி இருக்கிறது என்பதைச் சென்னையில் காட்டினார்கள். டொக்டர் ஏ. ராமச்சந்திரனின் குழு, நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரை எடுத்துக்கொண்டு நடத்திய ஆய்வு 2006இல் வெளிவந்தது. வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் மூன்று ஆண்டுகளுக்குள் 100க்கு 55 பேர் நோயாளிகளானார்கள். சாப்பாட்டைச் சீராக்கி, நாளுக்கு அரை மணி நேரம் விறுவிறுவென்று நடக்கப் பழக்கியவர்களில் 39 பேர். அவர்களுக்கு எடை சொல்லும்படி குறையவில்லை என்பதை நான் முக்கியமாக எடுக்கிறேன். எடை இறங்கவில்லை என்று இரண்டாம் மாதத்தில் மனம் விட்டு நடையை நிறுத்துபவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். வெள்ளவத்தைக்கு மெரைன் டிரைவ் பக்கத்திலேயே இருக்கிறது. கடற்காற்று வாங்கிக்கொண்டு கதைத்தபடி உலாவுவது போதாது, பாட்டுப் பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்க வேண்டும்.

“கோத்தல ஹிம்புட்டு குடிச்சாக் குளிசை தேவையில்லை”

இதை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ள முடியாது. கோத்தல ஹிம்புட்டு என்ற கொடியின் மரத்தில் குடைந்த குவளையில் இரவு தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் குடிப்பது இலங்கையின் பழைய வைத்தியம். அதிலிருக்கும் சலசினோல், கொத்தலனோல் என்ற பொருட்களை ஜப்பானிய விஞ்ஞானிகள் 1990களின் பிற்பகுதியில் பிரித்தெடுத்தார்கள். குடலில் மாச்சத்தை உடைக்கும் நொதியத்தை அவை தடுக்கின்றன. 2005இல் வெளியான இலங்கை ஆய்வில் 51 நோயாளிகள் மூன்று மாதம் இதன் தேநீரைக் குடித்தபோது, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.29 ஆக இருந்தது; மருந்தில்லாத போலித் தேநீரைக் குடித்த காலத்தின் முடிவில் அது 6.65. பயன் உண்டு, ஆனால் சிறிது. எச்பிஏ1சி 10இல் நிற்கும் ஒருவர் குளிசையை விட்டுக் குவளையை மட்டும் நம்பினால் கண்ணும் சிறுநீரகமும் காலும்தான் விலை கொடுக்கும். பாவற்காய்ச் சாற்றுக்கும் இதே பதில். குடிக்க விரும்பினால் கிளினிக்கில் சொல்லிவிட்டுக் குடியுங்கள். மருந்தோடு சேர்ந்து சீனி அளவுக்கு மிஞ்சி இறங்கிவிடலாம்.

“மெட்போர்மின் கிட்னியைப் பழுதாக்கும்” என்ற பயம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்திருக்கிறேன். சிறுநீரகத்தைப் பழுதாக்குவது கட்டுப்படாத சீனியும் பிரஷரும். சிறுநீரகம் வேறு காரணத்தால் மிகவும் பலவீனப்பட்டுவிட்டால் வைத்தியர் மெட்போர்மினை நிறுத்துவார், ஏனென்றால் அதை வெளியேற்ற அந்தச் சிறுநீரகத்தால் முடியாது. நிறுத்தியதைப் பார்த்த உறவினர்கள் குளிசையால்தான் பழுது வந்தது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இன்சுலினுக்கும் இதே அநியாயம் நடக்கிறது. ஊசியைத் தள்ளித் தள்ளிப் போட்டுக் கடைசியில் ஏற்றுக்கொண்டவர் சில மாதங்களில் மோசமானால் பழி ஊசியின் தலையில் விழுகிறது. இந்த நோய் கண்டுபிடிக்கப்படும் வேளையிலேயே இன்சுலின் சுரக்கும் கலங்களின் திறன் ஏறத்தாழப் பாதியாகிவிட்டிருக்கும், பின்பு ஆண்டுக்காண்டு குறையும். சுரப்பது போதாவிட்டால் வெளியிலிருந்து கொடுக்கிறோம், அவ்வளவுதான்.

“எனக்கு ஒரு வருத்தமும் தெரியேல்லை, கிளினிக்கிலும் நல்லா இருக்கு எண்டவை”

2005, 2006 ஆய்வில் நீரிழிவு இருந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் தமக்கு அது இருப்பதே தெரியாது. தாகமும் அடிக்கடி சலம் போவதும் தெரியவரும்போது நோய்க்குப் பல ஆண்டு வயதாகியிருக்கலாம். 35 வயது கடந்தவர்களைச் சோதிக்க அரசாங்கம் நடத்தும் ஆரோக்கிய வாழ்வு நிலையங்களில் இரத்தம், பிரஷர், எடை எல்லாம் இலவசமாகப் பார்க்கிறார்கள்.

கிளினிக் நாளுக்கு மூன்று நாள் முன்பிருந்து பத்தியமாக இருந்து, நல்ல இலக்கத்தைக் கொப்பியில் எழுதுவித்துக்கொண்டு, திரும்பும் வழியில் ரோல்சும் பால் தேத்தண்ணியும் எடுப்பவர்கள் நமது வீடுகளில் இருக்கிறார்கள். டொக்டரை ஏமாற்றிய திருப்தி அது. அவர் அந்த இலக்கத்தை நம்பித்தான் மருந்தின் அளவைத் தீர்மானிக்கிறார். எச்பிஏ1சி எடுத்தால் மூன்று மாதத்துக் கதையும் வெளியே வரும்.

“விரதத்துக்குக் குளிசை எடுக்கக்கூடாது”

விரதமிருப்பது அவரவர் விருப்பம், ஆனால் முன்கூட்டியே வைத்தியரிடம் பேச வேண்டும். மெட்போர்மின் மட்டும் எடுப்பவருக்குச் சீனி ஆபத்தாக இறங்குவது அரிது. கிளிக்கிளசைட், தொல்பியூட்டமைட் போன்றவை எடுப்பவரும் இன்சுலின் போடுபவரும் கந்தசஷ்டியின் ஆறு நாளும் வெறும் வயிற்றோடு அதே அளவை எடுத்தால் மயங்கி விழலாம். எல்லாவற்றையும் நிறுத்தினால் சீனி ஏறும். அளவையும் நேரத்தையும் மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். நோன்பு பிடிக்கும் முஸ்லிம் அயலவர்கள் பலர் இதைச் செய்கிறார்கள், நாம் கேட்பதற்கே தயங்குகிறோம். வேர்த்து, கை நடுங்கி, தலை சுற்றினால் அந்த நிமிடமே மூன்று கரண்டிச் சீனியைக் கரைத்துக் குடித்துவிட வேண்டும். அதனால் தெய்வக் குற்றம் வந்துவிடாது.

ஆடிவேலுக்குத் தேரோடு வெறுங்காலில் நடப்பவர்களும் மத்தியான வெயிலில் கோயில் வீதியைச் சுற்றுபவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நீண்டகால நீரிழிவில் பாதத்தின் உணர்வு மங்கும். சூடும் தெரியாது, கல் குத்தியதும் தெரியாது. நாலு நாள் கழித்துச் சீழ் மணக்கும்போதுதான் தெரியவரும். போய் வந்த இரவே ஒரு கண்ணாடியை நிலத்தில் வைத்து இரண்டு உள்ளங்காலையும் பாருங்கள், விரலிடுக்கையும் பாருங்கள். கொப்புளம் இருந்தால் அடுத்த நாளே காட்டுங்கள்.

“வந்தா வந்ததுதான்”

பிரித்தானியாவில் 2017இல் வெளியான ஆய்வில், நோய் வந்து ஆறு ஆண்டுக்கு உட்பட்டவர்களை மருந்தை நிறுத்திச் சில மாதம் மிகக் குறைந்த கலோரி உணவில் வைத்தார்கள். ஓராண்டு முடிவில் 100க்கு 46 பேர் மருந்தில்லாமலே நீரிழிவு எல்லைக்குக் கீழே இருந்தார்கள். 15 கிலோவோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் 100க்கு 86 பேர். ஆண்டுகள் போக, எடை திரும்பியவர்களுக்கு நோயும் திரும்பியது. அவர்கள் நம்மைவிடப் பருத்தவர்கள், வைத்தியரின் கண்காணிப்பில் செய்தவர்கள். வீட்டில் தனியாக முயலும் காரியமல்ல, ஆனால் புதிதாக நோய் தெரியவந்தவர் தன் டொக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி.

“பிள்ளை பிறந்ததோடை சீனி போயிட்டுது”

போய்விடும், பெரும்பாலும். ஆனால் கர்ப்ப காலத்தில் நீரிழிவு வந்த பெண்ணுக்குப் பிற்காலத்தில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றப் பெண்களைவிடப் பல மடங்கு. இதைப் பலர் மறைக்கிறார்கள், மாமியார் வீட்டுக்குத் தெரியக்கூடாது என்று கிளினிக் கொப்பியையே அலுமாரிக்குள் ஒளிப்பவர்கள் உண்டு. வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. பிரசவமாகி ஆறிலிருந்து பன்னிரண்டு கிழமைக்குள் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் பரிசோதனையைச் செய்ய வேண்டும். குழந்தைக்கு இரண்டாம் மாதத் தடுப்பூசி போடும் காலமும் அதுதான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகும் அதே பயணத்தில் அம்மாவின் பரிசோதனைக்கும் குடும்பநல உத்தியோகத்தரிடம் நாள் கேட்டு வாருங்கள், அதற்குப் பின்பு ஆண்டுக்கொரு தடவை இரத்தம் பாருங்கள்.