மேல்மண் எங்கே போகுது? சுரங்கத்துக்குப் பக்கத்து ஊர்க்காரங்க கேட்க வேண்டிய கேள்வி

அரியலூர் பக்கம் பஸ்ஸில் போயிருக்கீங்களா? சுண்ணாம்புக்கல் ஏற்றின லாரிகள் வரிசையா வரும். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காக பூமியைத் தோண்டுறாங்க, இங்கே சிமெண்டுக்காக. எதற்காகத் தோண்டினாலும் முதலில் இடம் மாறுவது ஒன்றுதான்: மேல்மண்.

சுரங்கம் ஒருநாள் முடிஞ்சிடும். அப்புறம் அந்த நிலத்தில் பயிர் வருமா, கருவேலம் மட்டும் வருமா? அதை முடிவு செய்வது, முதல் நாள் மேல்மண்ணை எப்படி அள்ளினாங்க என்பதுதான். 2 அல்லது 3 செ.மீ. மண் உருவாக 1,000 ஆண்டுகள் வரை ஆகலாம் என்கிறது ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு. கல்லோடு கலந்துட்டா திரும்பப் பிரிக்க முடியாது.

முதலில் மண் ஆய்வு

தோண்டுவதற்கு முன்பே, நிலத்தில் பல இடங்களில் குழி வெட்டியும் துளைக்கருவி இறக்கியும் மண்ணைப் பார்க்கணும். மேல்மண் எத்தனை செ.மீ. ஆழம்? களிமண்ணா, மணல் கலந்ததா? கார அமில நிலை, உப்பு, கரிமச்சத்து எவ்வளவு? கீழ்மண்ணில் சுக்கான் கல் இருக்கா? இவற்றை வைத்து வரைபடம் தயாரிக்கணும்.

ஏன் வரைபடம்? ஒரே ஊரில் மேட்டு நிலத்தில் ஒரு சாண் மேல்மண் இருக்கும், பள்ளத்தில் முழங்கால் ஆழம் இருக்கும். எல்லா இடத்திலும் ஒரே ஆழத்துக்கு வழித்தால் ஒரு பக்கம் நல்ல மண் வீணாகும், இன்னொரு பக்கம் சுக்கான் கலந்துவிடும்.

ஒரு எளிய கணக்கு: 1 ஹெக்டேரில் 30 செ.மீ. மேல்மண் இருந்தால் அது 3,000 கன மீட்டர். 10 ஹெக்டேர் என்றால் 30,000. அள்ளும்போது மண் பொலபொலத்து அளவு இன்னும் கூடும். ஆக, ஆய்வு அறிக்கையில் இருக்கும் ஆழத்தையும் பரப்பையும் பெருக்கிப் பார்த்தாலே, குவியல் எவ்வளவு பெரிசா இருக்கணும்னு உங்களுக்கே தெரிஞ்சிடும்.

அள்ளுவதில் கவனம்

• மேல்மண் தனி, கீழ்மண் தனி, கழிவுக்கல் தனி. மூன்றும் சேரக் கூடாது.

• ஈர மண்ணில் வண்டி இறக்கக் கூடாது. குறிப்பாகக் கரிசல் மண் சக்கரத்தில் நசுங்கி இறுகிவிடும். வேரும் தண்ணீரும் உள்ளே போகாது.

• முடிந்தால் குவித்து வைக்காமல், வெட்டி முடித்த பகுதியில் உடனே பரப்புவதே நல்லது. மண்ணில் உள்ள விதைகளும் நுண்ணுயிர்களும் பிழைக்கும்.

• குவிக்கத்தான் வேணும்னா உயரம் குறைவா, அகலமா வைக்கணும். உயரமான குவியலின் உள்ளே காற்று போகாமல் நுண்ணுயிர்கள் குறைந்துபோகும். மேலே சணப்பு, தக்கைப்பூண்டு மாதிரி செடிகள் விதைத்தால் மழையில் மண் கரையாது.

• திரும்பப் பரப்பும்போது கழிவுக்கல் அடியில், கீழ்மண் நடுவில், மேல்மண் மேலே. இறுகிய அடித்தளத்தை முதலில் உழுது கிளறிவிடணும்.

சட்டம் என்ன சொல்லுது?

சுண்ணாம்புக்கல் போன்ற கனிமங்களுக்குப் பொருந்தும் 2017-ஆம் ஆண்டு கனிமப் பாதுகாப்பு மற்றும் மேம்பாட்டு விதிகளின்படி, மேல்மண் இருந்தால் அதைத் தனியாக அகற்றணும். வேலை முடிந்த நிலத்தைச் சீரமைக்கவோ, கழிவு மேடுகளை நிலைப்படுத்தவோ அதைப் பயன்படுத்தணும். உடனே பயன்படுத்த முடியாவிட்டால் தனியாகச் சேமித்து வைக்கணும்.

நீங்க என்ன செய்யலாம்?

1. பெரிய சுரங்கத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கும். குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு உண்டு. திட்டத்தின் சுருக்க அறிக்கை தமிழிலும் கிடைக்கும். ஆட்சியர் அலுவலகத்திலோ மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்திலோ கேட்டுப் படிங்க.

2. கூட்டத்தில் மூன்றே கேள்வி கேளுங்க: மேல்மண் ஆழம் எத்தனை இடத்தில் அளந்தீங்க? எங்கே குவிப்பீங்க? எந்த வருஷம் எந்தப் பகுதியில் திரும்பப் பரப்புவீங்க? உங்க கேள்வியும் பதிலும் பதிவாகும்.

3. அனுமதி கிடைத்த பின், ஆண்டுதோறும் ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் நிறுவனம் இணக்க அறிக்கை தரணும். அது பொது ஆவணம். சுற்றுச்சூழல் அனுமதியின் நிபந்தனைகளை 'பரிவேஷ்' இணையதளத்தில் செல்போனிலேயே தேடலாம்.

4. மேல்மண்ணைக் கல்லோடு கொட்டுவதைப் பார்த்தால் தேதி, இடத்தோடு போட்டோ எடுத்து, ஆட்சியருக்கு மனு கொடுங்க. முதல்வரின் உதவி மையம் 1100-லும் புகார் பதியலாம்.

பக்கத்தில் உங்க சொந்த நிலம் இருந்தால், இப்பவே மண் பரிசோதனை செய்து அட்டையைப் பத்திரமா வைங்க. நாளைக்கு மண் கெட்டுப்போச்சுன்னு சொல்லணும்னா, முன்னாடி எப்படி இருந்துச்சுங்கறதுக்கு ஆதாரம் வேணும் இல்லையா?