“ஒண்ணுமில்லண்ணா!” – கேட்கப் பழகுவோம்



இந்த மாதப் பாடத்தை என்னுடைய ஒரு தவற்றிலிருந்து தொடங்குகிறேன். சாலாக் செலாத்தானில் எங்கள் சனிக்கிழமை வகுப்புக்கு வரும் ஒரு தம்பியைப் பற்றியது. அவனிடம் கேட்டு, அவன் சம்மதித்த பிறகுதான் எழுதுகிறேன். யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அப்போது அவன் நான்காம் படிவம். நன்றாகச் சிரித்துப் பேசுகிற பையன். வகுப்பு முடிந்ததும் மற்ற பிள்ளைகள் ஓடிவிடுவார்கள். இவன் மட்டும் நின்று நாற்காலிகளை அடுக்குவான். தொடர்ந்து மூன்று வாரம் இவன்தான் கடைசியாகப் போனான். “என்னடா, வீட்டுக்குப் போகலையா?” என்று கேட்டேன். “ஒண்ணுமில்லண்ணா” என்றான். நானும் விட்டுவிட்டேன்.

நான்காவது வாரம் அவனே வாயைத் திறந்தான். “அண்ணா, ராத்திரி தூக்கமே வரமாட்டேங்குது. புத்தகத்தைத் திறந்தாலும் எதுவும் மண்டையில ஏறல.”

நான் என்ன செய்தேன் தெரியுமா? உடனே ஆரம்பித்துவிட்டேன். “அடுத்த வருஷம் எஸ்.பி.எம்., எல்லாருக்கும் அப்படித்தான்டா இருக்கும். கைப்பேசியை ஒன்பது மணிக்கே தள்ளி வை. காலையில எழுந்து ஓடு. நான் உன் வயசுல...” பத்து நிமிடம் பேசியிருப்பேன். “சரிண்ணா” என்று சொல்லிவிட்டுப் போனான். நல்ல அறிவுரை சொன்னோம் என்ற நிறைவோடு நான் மண்டபத்தைப் பூட்டினேன்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவன் வகுப்புக்கு வரவில்லை. பாடச்சுமையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஒருநாள் எல்.ஆர்.டி. நிலையத்தில் அவனுடைய அக்காவைப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அப்பாவுக்கு வேலை போய்விட்டது. அம்மாவுக்கு இரவு ஷிப்ட். வீட்டில் தினமும் சண்டை. தம்பி யாரோடும் பேசுவதில்லை, சரியாகச் சாப்பிடுவதும் இல்லை. மறுநாளே போய் அவனைப் பார்த்தேன். நீண்ட நேரம் கழித்து அவன் சொன்ன ஒரு வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது.

“அன்னிக்கே சொல்ல வந்தேண்ணா. நீங்க பேசிக்கிட்டே இருந்தீங்க.”

உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்று அவன் பல இரவுகள் நினைத்திருக்கிறான். அதைச் சொல்லத்தான் அந்தச் சனிக்கிழமை நாற்காலி அடுக்கிக்கொண்டு நின்றிருக்கிறான்.

உங்கள் வகுப்பிலும் இருக்கிறார்கள்

சுகாதார அமைச்சு 2022-ஆம் ஆண்டில் இடைநிலைப்பள்ளி மாணவர்களிடம் ஒரு தேசிய ஆய்வு நடத்தியது. நால்வரில் ஒருவரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. உங்கள் வகுப்பை நினைத்துப் பாருங்கள். நாற்பது பேர் என்றால் பத்துப் பேர். அவர்கள் எல்லாரும் மூலையில் அழுதுகொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார்கள். சிலர் சிரிப்பார்கள். சிலர் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவார்கள். சிலர் பந்து விளையாட வருவதை நிறுத்திவிடுவார்கள். என்னவென்று கேட்டால் “ஒண்ணுமில்ல” என்பார்கள்.

இந்த வயதில் ஒரு பிள்ளை மனம்விட்டுப் பேசினால் முதலில் நண்பனிடம்தான் பேசும். அதனால் இது பெரியவர்களுக்கு மட்டும் உரிய பாடம் அல்ல. உங்களுக்குத்தான் முதலில் தேவை.

நாம் ஏன் கேட்பதில்லை?

அன்று நான் என்ன தவறு செய்தேன் என்று உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். ஒருவர் கஷ்டத்தைச் சொல்ல வரும்போது நாம் பெரும்பாலும் நான்கு விதமாக வாயை அடைத்துவிடுகிறோம்.

1. அறிவுரை: “நீ இப்படிச் செய், அப்படிச் செய்.” முழுக் கதையும் தெரியாமலே மருந்து எழுதிக் கொடுப்பது.

2. ஒப்பீடு: “இதெல்லாம் ஒரு கஷ்டமா? எங்க வீட்டுக்கு வந்து பாரு.” யார் கஷ்டம் பெரியது என்று போட்டி வைப்பது.

3. அவசர ஆறுதல்: “எல்லாம் சரியாயிடும் மச்சான், விடு, வா தே தாரிக் குடிக்கலாம்.” நல்ல மனதோடு சொல்வதுதான். ஆனால் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

4. விசாரணை: “ஏன் அப்படிச் செஞ்ச? யாரு சொன்னா? எப்போ?” போலீஸ் நிலையத்தில் நிற்பது போல இருக்கும்.

அந்தப் பத்து நிமிடத்தில் முதல் இரண்டையும் நான் செய்திருந்தேன். அவன் ஏன் தூங்கவில்லை என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

தேநீர் கொடுத்தவர்கள்

கேட்பதற்கு அவ்வளவு சக்தி இருக்கிறதா என்று நீங்கள் கேட்கலாம். ஓர் உண்மைச் சம்பவம் சொல்கிறேன்.

1935-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் சாட் வாரா என்ற இளம் பாதிரியார் ஓர் இறுதிச் சடங்கை நடத்தினார். இறந்தவள் பதின்ம வயதுச் சிறுமி. அவள் வயதுக்கு வந்திருக்கிறாள். அது இயற்கையானது என்று சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. ஏதோ வெட்கக்கேடான நோய் என்று பயந்து உயிரை மாய்த்துக்கொண்டாள். மனம்விட்டுக் கேட்க ஓர் ஆள் இருந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள். அந்த நினைவு அவரை விடவே இல்லை.

1953-இல் லண்டனில் தம் தேவாலயத்தில் ஒரு தொலைபேசியை வைத்து, உயிர்மேல் வெறுப்பு வந்தவர்கள் தம்மை அழைக்கலாம் என்று அறிவித்தார். ஆட்கள் நேரிலும் வந்தார்கள். கூட்டம் கூடியதும், காத்திருப்பவர்களோடு உட்கார்ந்திருக்கச் சில தொண்டர்கள் வந்தார்கள். அவர்களுக்கு மனோதத்துவப் படிப்பு கிடையாது. தேநீர் கொடுத்தார்கள், வந்தவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நாளில் சாட் வாரா ஒன்றைக் கவனித்தார். தொண்டர்களிடம் பேசிய பலருக்கு, அதற்குப் பிறகு தம்மைப் பார்க்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. அடுத்த ஆண்டே அந்த வேலையைத் தொண்டர்களிடம் ஒப்படைத்தார். ‘சமாரிட்டன்ஸ்’ அமைப்பு அப்படித்தான் வளர்ந்தது.

அதே வழியில் 1970-இல் நம் கோலாலம்பூரில் ‘பிஃப்ரெண்டர்ஸ்’ தொடங்கியது. 1986-இல் சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் ‘சினேகா’ அமைப்பைத் தொடங்கினார். பிஃப்ரெண்டர்ஸ் தொலைபேசியை எடுப்பவர்களும் பயிற்சி பெற்ற தொண்டர்களே. பகலில் வேறு வேலை பார்க்கும் சாதாரண மனிதர்கள்.

தேர்த்தட்டில் நடந்தது

நம் வகுப்பில் கீதை படித்திருக்கிறீர்கள். முதல் அத்தியாயத்தின் பெயர் என்ன? அர்ஜுன விஷாத யோகம். விஷாதம் என்றால் பெருந்துயரம். எவ்வளவு பெரிய வீரன்! கை நடுங்குகிறது, வாய் உலர்கிறது, வில் நழுவுகிறது. மனம் உடைந்தால் உடம்பு என்ன ஆகும் என்பது அங்கேயே இருக்கிறது. அவன் புலம்பி முடித்து வில்லைப் போட்டுவிட்டு உட்காரும்வரை கண்ணன் குறுக்கே பேசவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். இரண்டாம் அத்தியாயத் தொடக்கத்தில் கண்ணன் சொல்லும் முதல் வார்த்தைகள் கண்டிப்பானவை: இந்தத் தளர்ச்சி உனக்கு ஏன் வந்தது, எழுந்திரு என்கிறார். அர்ஜுனன் எழுந்தானா? இல்லை. மறுபடியும் தன் குழப்பத்தைச் சொல்கிறான். எனக்கு வழி தெரியவில்லை, சொல்லிக்கொடு என்று அவனே கேட்கிறான். அதற்குப் பிறகுதான் உபதேசம் தொடங்குகிறது. எதிரில் இருப்பவன் சொல்லி முடித்து, அவனாகவே கேட்ட பிறகு சொல்லும் வார்த்தைதான் உள்ளே இறங்கும். நான் அந்தத் தம்பிக்கு உபதேசத்தை முதலிலேயே ஆரம்பித்துவிட்டேன்.

எப்படிக் கேட்பது? ஐந்து படிகள்

முதல் படி: இடமும் நேரமும் கொடுங்கள். நாலு பேர் நடுவே “ஏன்டா டல்லா இருக்க?” என்று கத்தினால் எவனும் சொல்ல மாட்டான். கோமுட்டர் நிலையத்துக்கு நடக்கும்போது, சைக்கிள் தள்ளிக்கொண்டு போகும்போது, பக்கத்தில் நடந்தபடி கேளுங்கள். முகத்துக்கு நேராகப் பார்க்காதபோது சில பேருக்குப் பேச்சு சுலபமாக வரும். உங்கள் கைப்பேசி பையில் இருக்கட்டும்.

இரண்டாம் படி: பார்த்ததைச் சொல்லுங்கள். “ரெண்டு வாரமா நீ ரிஹாட் நேரத்துல தனியா உட்கார்ந்திருக்க. அதான் கேட்கலாம்னு வந்தேன்.” குற்றம் சாட்டாமல் கண்ணில் பட்டதை மட்டும் சொல்லுங்கள். “ஒண்ணுமில்ல” என்றால், “சரி, எப்போ வேணும்னாலும் சொல்லு, நான் இருக்கேன்” என்று விட்டுவிட்டு, சில நாள் கழித்து மறுபடியும் கேளுங்கள். நான் மறுபடி கேட்க மறந்தேன்.

மூன்றாம் படி: மௌனத்துக்குப் பயப்படாதீர்கள். அவன் பேச்சை நிறுத்தினால் உடனே நீங்கள் ஆரம்பிக்காதீர்கள். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். முக்கியமான வார்த்தை பெரும்பாலும் அந்த மௌனத்துக்குப் பிறகுதான் வரும்.

நான்காம் படி: கேட்டதைத் திருப்பிச் சொல்லுங்கள். “வீட்டுல சண்டை நடக்கிறதால உனக்குத் தூக்கம் வரல, அப்படித்தானே?” சரியாக இருந்தால் தலையாட்டுவான், தவறென்றால் திருத்துவான். ‘இவனுக்குப் புரியுது’ என்ற நம்பிக்கை இதில்தான் பிறக்கும்.

ஐந்தாம் படி: “இப்போ நான் என்ன செஞ்சா உனக்கு உதவியா இருக்கும்?” என்று கேளுங்கள். சில நேரம் “ஒண்ணும் வேணாம், சும்மா கூட இரு” என்பதுதான் பதிலாக இருக்கும்.

பயப்படாமல் கேட்க வேண்டிய ஒரு கேள்வி

உங்கள் நண்பன் “நான் இல்லாட்டி எல்லாருக்கும் நிம்மதி” என்கிற மாதிரி பேசினால், அல்லது தனக்குப் பிடித்த பொருள்களை எல்லாம் மற்றவர்களுக்குக் கொடுக்க ஆரம்பித்தால், நேராகக் கேளுங்கள்: “உயிரை விட்டுடலாம்னு நினைக்கிறியா?” இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயம் பலருக்கு இருக்கிறது. அப்படி ஆகாது என்று உலகச் சுகாதார நிறுவனமே சொல்கிறது. கேட்டால் அவனுக்குப் பாரம் இறங்கும்.

“ஆமாம்” என்றால் மூன்று விஷயம். ஒன்று, அவனைத் தனியாக விடாதீர்கள். இரண்டு, “யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு” என்றால் அந்தச் சத்தியத்தைச் செய்யாதீர்கள். “உன்மேல அக்கறை இருக்கிறதால இதை மட்டும் என்னால மறைக்க முடியாது. வா, சேர்ந்தே போய்ச் சொல்லலாம்” என்று சொல்லுங்கள். கோபப்படலாம், சில நாள் பேசாமல்கூட இருக்கலாம். பரவாயில்லை. மூன்று, அன்றைக்கே நம்பிக்கையான ஒரு பெரியவரிடம் கொண்டு போங்கள். அம்மா, அப்பா, அக்கா, அத்தை, பள்ளிக் கவுன்சலர் ஆசிரியர், வகுப்பு நடத்தும் அண்ணன், அக்கா யாராகவும் இருக்கலாம். ஒருவர் காது கொடுக்கவில்லை என்றால் அடுத்தவரிடம் போங்கள்.

சட்டத்துக்கும் பயப்பட வேண்டாம். முன்பு நம் நாட்டில் தற்கொலை முயற்சி தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. குற்றவியல் சட்டத்தின் 309-ஆம் பிரிவு அப்படிச் சொன்னது. 2023-இல் அந்தப் பிரிவு நீக்கப்பட்டது. இப்போது உதவி கேட்பவர் குற்றவாளி அல்லர்.

இந்த எண்களைக் கைப்பேசியில் பதிந்து வையுங்கள்:

பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர்: 03-7627 2929 (24 மணி நேரமும்)
தாலியான் காசே: 15999
சுகாதார அமைச்சின் தாலியான் ஹீல்: 15555
உயிருக்கு உடனடி ஆபத்து என்றால்: 999

தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் ஆர்வமின்மை இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அரசாங்கக் கிளினிக்கில் மருத்துவரிடம் சொல்லலாம். காய்ச்சலுக்குப் போகிறோம் அல்லவா, அதே மாதிரிதான்.

கேட்பவருக்கும் ஒரு வார்த்தை

நீங்கள் மருத்துவர் அல்லர். நண்பனை முழுமையாகக் குணப்படுத்தும் பொறுப்பு உங்களுடையது அல்ல. அவன் கதையைக் கேட்டு உங்களுக்கே தூக்கம் போனால், நீங்களும் ஒரு பெரியவரிடம் பேசுங்கள். அதில் எந்த வெட்கமும் இல்லை.

இந்த வாரப் பயிற்சி

வகுப்பில் இருவர் இருவராக உட்காருங்கள். ஒருவர் இந்த வாரம் தன் மனதை உறுத்திய ஒரு சின்ன விஷயத்தை மூன்று நிமிடம் சொல்லட்டும். மற்றவர் அறிவுரை, கேலி, தன் சொந்தக் கதை எதுவும் சொல்லக்கூடாது. முடிந்ததும் கேட்டதை மூன்று வாக்கியத்தில் திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு இடம் மாறுங்கள். எத்தனை முறை வாய் துருதுருத்தது என்று எண்ணிப் பாருங்கள். முதல் தடவை செய்தபோது எனக்கு ஆறு முறை!

வீட்டில் செய்ய இன்னொன்று: அம்மாவிடமோ அப்பாவிடமோ “இன்னிக்கு வேலை எப்படி இருந்துச்சு?” என்று கேட்டுவிட்டு, அவர்கள் முடிக்கும்வரை கேளுங்கள். அவர்களிடமும் ஒரு “ஒண்ணுமில்ல” இருக்கும்.

அந்தத் தம்பி என்ன ஆனான் என்று கேட்பீர்கள். அன்று நான் அதிகம் பேசவில்லை. அவன் அம்மாவிடம் சேர்ந்தே போய்ச் சொன்னோம். அம்மா அழுதார், பிறகு அவரே பள்ளிக்கு வந்து கவுன்சலர் ஆசிரியரைப் பார்த்தார். மருத்துவமனைக்கும் போனார்கள். எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை, மாதங்கள் ஆயின. எஸ்.பி.எம். எழுதினான். இப்போது சனிக்கிழமைகளில் வருகிறான், சின்னப் பிள்ளைகளைக் கவனித்துக்கொள்கிறான்.

போன வாரம் வகுப்பு முடிந்ததும் இரண்டாம் படிவத்துத் தங்கை ஒருத்தி போகாமல் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் கவனிப்பதற்கு முன்பே அவன் போய் மறுபக்கத்து நாற்காலிகளை எடுக்க ஆரம்பித்துவிட்டான். ஒன்றும் பேசவில்லை. நான் சாவியை அவனிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்து காத்திருந்தேன்.